கோணியால் துடைத்த கொடுவா

அன்று நடுப்பகலில் கூண்டின் மேல் இருந்தவர்கள் மூன்று பேர்: என் அத்தை, என் அம்மா, நான். இருந்திருக்க வேண்டியவர், ஆனால் இல்லாதவர், என் நைனா. அன்று அவருக்குப் பாடு. முகத்துவாரத்துக்குப் போகும் கால்வாயில் இறாலுக்கு வலை போட்டுக்கொண்டிருந்தார். கூண்டில் மீன் வளர்க்கப் பயிற்சி கொடுத்து, குஞ்சு வாங்கிக் கொடுத்து, பெண்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களும் இல்லை. மழை பிடித்ததிலிருந்தே அவர்கள் இல்லை.

கூண்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நீல நிற பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டி மிதக்கவிட்டு, அதன் மேல் இரும்புக் குழாயில் ஒரு சட்டம். சட்டத்திலிருந்து ஏரித் தண்ணீருக்குள் பை மாதிரி ஒரு வலை தொங்கும். உள்ளே கொடுவா மீன்கள். ஓரமாக நடக்க இரண்டு பலகைகள். அந்தப் பலகையில்தான் அத்தை குந்தியிருந்தார். மடியில் கோணி. கோணியில் ஒரு செத்த மீன்.

"இது காலையில மூணாவது," என்றார்.

மீனின் இரண்டு பக்கமும், செவுளுக்குக் கொஞ்சம் பின்னால், சிவந்து செதில் உதிர்ந்த புண். வால் நுனி வெளுத்துக் கந்தலாகியிருந்தது. நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், டாக்டர் முகத்தைப் பார்ப்பது போல.

"இன்னாடா, படிச்சவனே, எதுனா சொல்லு," என்றார் அத்தை.

மீனைப் புரட்டி மறுபக்கத்தையும் பார்த்தேன். விடுமுறைக்காக முந்தின நாள் சாயங்காலம்தான் ஊருக்கு வந்திருந்தேன்.

*

அந்தக் கூண்டு அத்தைக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பாடு என்பதைச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் நல்ல இறால் விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் வலை போட்டால் அடிதடிதான் நடக்கும். அதனால் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்ன குடும்பத்துக்கு என்று ஊரே முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். பாடு வரும் நாளில் வீட்டில் சுடுசொல் பேச மாட்டார்கள். பாடு வரும் நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்பன் தண்ணீரில்தான் நிற்பான்.

பாடு ஆண்களுக்கு. மாமா உயிரோடு இருந்தவரை அத்தை வீட்டுக்கும் ஒரு பாடு இருந்தது. மாமா போன பிறகு, பையன் இல்லாத வீடு என்பதால், அது ஊரோடு சேர்ந்துவிட்டது. யாரும் சண்டை போடவில்லை, அதுதான் வழக்கம். அத்தை அன்னக்கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு பொன்னேரி சந்தைக்கு மீன் விற்கப் போனார். யாரோ பிடித்த மீன். வருஷக்கணக்காக அப்படித்தான் போனது.

பெண்கள் குழுவுக்குக் கூண்டு தருவதாகப் பயிற்சிக்காரர்கள் வந்தபோது முதல் ஆளாகக் கை தூக்கினது அத்தை. குழுவில் மற்றவர்கள் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் அத்தையும், துணைக்கு என் அம்மாவும் மட்டும். ஊருக்குப் பின்னால், யாரும் வலை போடாத ஒரு தேங்கின மூலையில் ஊர் இடம் கொடுத்தது. அந்த மூலையில் நண்டுகூடச் சரியாக அகப்படாது. அத்தைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

"ஏரியில எனக்குன்னு நாலு மூலை கீது," என்று சந்தையில் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். "எப்போ வேணா போவேன், எப்போ வேணா வருவேன். எவன் கேக்கறது?"

ஆனால் ஊர் ஒன்றைச் சொல்லியிருந்தது: முதல் அறுவடை நன்றாக வந்தால்தான் இடம் நிலைக்கும். மீன் செத்து ஏரி நாறினால் கூண்டைக் கழற்றிவிட வேண்டும். பொங்கலுக்கு அறுவடை. இப்போது கார்த்திகை. மீன் செத்துக்கொண்டிருந்தது.

*

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதற்கு முன்னால் யாரும் கையெழுத்துக்கு மேல் எழுதியதில்லை. இப்போது சென்னையில் மீன்களின் நோய் எதிர்ப்பு பற்றி ஆராய்ச்சிப் படிப்பு. இதை உறவுக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. "மீன் டாக்டருக்குப் படிக்கிறான்" என்பார். நைனா இன்னும் சுருக்கமாக, "கம்ப்யூட்டர்" என்பார். அத்தை மட்டும் ஒரு நாள் என்னைக் குந்தவைத்து முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்போ மீனு மேல இருக்கிற சளியப் படிக்கிறே," என்றார். அன்றிலிருந்து என் படிப்புக்கு வீட்டில் சளிப் படிப்பு என்று பேர்.

அத்தை சொன்னது தப்பில்லை. உயிரோடிருக்கும் மீனைக் கையில் பிடித்தால் வழுக்கும் அந்தப் பசைதான் என் பாடம். ஏரித் தண்ணீர் ஒரு குவளையில் எத்தனை கிருமி இருக்கும் என்று எண்ணவே முடியாது. மீன் அதிலேயே பிறந்து, அதையே செவுளில் இழுத்து, அதிலேயே வாழ்கிறது. அதற்கும் கிருமிக்கும் நடுவில் இருப்பது அந்தப் பசை. அதற்குள் மிகச் சின்னப் புரதத் துண்டுகள் இருக்கின்றன. பெப்டைடு என்கிறோம். மீனின் தோலும் செவுளும் அவற்றைத் தாமே சுரக்கின்றன. கிருமி பக்கத்தில் வந்ததும் இவை போய் அதன் மேலுறையில் ஒட்டிக்கொள்ளும். உறையில் ஓட்டை விழும். உள்ளே இருப்பது கசிந்து கிருமி சாகும். நம் உடம்பு காய்ச்சல் வந்த பிறகு எதிரியை அடையாளம் கண்டு ஆள் திரட்டுவதற்கு நாளாகும். இவை காத்திருப்பதில்லை. வாசலிலேயே நிற்கிற ஆட்கள்.

ஆய்வகத்தில் நாங்கள் மீனை மயக்கி, மழுங்கின பிளாஸ்டிக் தகட்டால் தடவி, அந்தப் பசையைத் துளி எடுப்போம். கிருமி பரப்பின தட்டின் நடுவில் அதை வைத்து மூடிவிட்டால், மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து மங்கலாயிருக்கும். துளி வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் தெளிந்த ஒரு வட்டம். முதல் தடவை அந்த வட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, கிருமி வளரவே இல்ல."

"நல்லதுதானேப்பா. சாப்ட்டியா?"

*

அன்று சாயங்காலம் மருந்துக்காரர் வந்தார். இறால் பண்ணைகளுக்குத் தீவனமும் மருந்தும் விற்பவர்; மோட்டார் சைக்கிளில் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருவார். அத்தைதான் சொல்லியனுப்பியிருந்தார். செத்த மீனைப் பார்க்கக்கூட இல்லை அவர்.

"தீனியில கலந்து போடுங்க. நாலு நாள்ல நிக்கும்."

"இதுல என்ன இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"மருந்து."

"என்ன மருந்துன்னு."

அவர் அத்தையைப் பார்த்தார். "பையன் உஷாரு," என்றார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். மனுஷர்களுக்குக் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக். இதை ஏரியில் கூண்டில் போடக்கூடாது என்பது சட்டம். சட்டத்தை விட்டாலும் வேறொன்று இருந்தது. கூண்டுக்குச் சுவர் கிடையாது, வெறும் வலை. மீன் தின்றது போக மீதி நேரே ஏரிக்குப் போகும். அந்த ஏரியில்தான் நைனா இறால் பிடிக்கிறார். அதைத்தான் நாங்கள் தின்கிறோம்.

"வேணாம் அத்தே."

"வேணாம்னா? அப்ப நீ மந்திரம் போடுவியா?"

"நோயாளி மீன் தீனியே எடுக்காது. தீனியில கலந்த மருந்து அதுக்கு எப்படிப் போகும்? நல்லா இருக்கிற மீன்தான் தின்னும். அதுக்கு மருந்து வேணாம்."

அத்தை டப்பாவைக் கையில் வாங்கினார். "அப்போ இத்த எவனுக்குத்தான் கொடுக்கிறது?"

மருந்துக்காரர் சிரித்தார். ஆனாலும் ஒரு டப்பாவை அத்தை வாங்கித்தான் வைத்துக்கொண்டார். கூண்டின் சட்டத்தில் ஒரு பையில் போட்டுக் கட்டினார். "கெடக்கட்டும். கைக்கு எட்டுற தூரத்துல கெடந்தா எனக்குத் தெம்பு," என்றார்.

*

மறுநாள் காலையில் தீனி போட நானும் கூடப் போனேன். பொடி மீனை நறுக்கிப் போட்டதும் மேலே வந்தவை கொஞ்சம்தான். மற்றவை மூலையில் தலைகீழாகச் சாய்ந்து நின்றன. தண்ணீர் கலங்கிப் பழுப்பாக, மழைத் தண்ணீரின் மண் வாசனையோடு, ஓட்டமே இல்லாமல் நின்றது.

பிறகு அத்தை வேலையைத் தொடங்கினார். சின்னக் கைவலையால் ஒரு மீனை அள்ளித் தூக்கினார். கோணியால் அதன் செவுளுக்குப் பின்னால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் அழுத்தி ஒரு துடை, திருப்பி மறுபக்கம் ஒரு துடை. தண்ணீரில் விட்டார். அடுத்த மீன்.

"அத்தே, இது இன்னா பண்றீங்க?"

"இன்னாவா? கழுவுறேன். பாரு, எப்படி சளி கட்டிக்கினு கீது. வாரத்துக்கு ஒரு தபா தொடைக்கலன்னா நாறிப்போயிடும்."

நான் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் பார்த்த புண் எங்கே இருந்தது? செவுளுக்குப் பின்னால், இரண்டு பக்கமும். கோணி பிடிக்கும் இடம். வால் நுனி: துடை முடியும் இடம்.

இதை ஊரில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மீன் விற்றுப் பழகின கைதான் செய்யும். சந்தையில் மீனுக்குப் பசை கட்டினால் அது கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வாங்க வருபவள் விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னாம்மா, வழவழன்னு கீது," என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவாள். அதனால் அத்தை கூடையைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு மீனையும் ஈரக் கோணியால் துடைத்துப் பளபளப்பாக்கித்தான் வைப்பார். அதே கை, அதே கோணி, அதே அக்கறை. உயிரோடிருக்கும் மீனுக்கு.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேராகச் சொன்னேன். "அத்தே, அந்தச் சளிதான் அதுக்குச் சட்டை. அதுக்கு மருந்தும் அதுலதான். நீங்க தொடைக்கத் தொடைக்க அது அம்மணமா நிக்குது."

அவர் கை நின்றது.

"நான்தான் கொன்னேன்றே."

"அப்படிச் சொல்லலை. மழைத்தண்ணி சேந்துச்சு, ஓட்டமில்ல, மீன் நெருக்கமா வளந்துடுச்சு. எல்லாம் சேந்துதான். ஆனா இது நின்னா பாதி நிக்கும்."

"என்னா பேச்சு பேசறான் பாரு," என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார் அத்தை. "சந்தையில மீன் சளி கட்டினா என்னை நாய் மாதிரி பேசுறாங்க. இவன் வந்து சளி நல்லதுன்றான். இத்த படிக்கத்தான் பட்டணத்துல ரூம் எடுத்தியா மருமவனே?"

"அண்ணி," என்றார் அம்மா மெதுவாக, "நான் என் பக்கத்து மீனுங்களை நீங்க தேய்க்கிற அளவுக்குத் தேய்க்கிறதில்ல. நான் பாத்துக்குற அந்த ஓரத்துல புண்ணு கம்மியா இருக்குதே."

அத்தை அம்மாவை முறைத்தார். கூண்டைத் தொடக்கத்திலேயே நடுவில் வலைத்தடுப்பு போட்டு இரண்டாகப் பிரித்து, பெரியதை அத்தையும் சின்னதை அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு வீட்டு வேலை வேறு. வாரா வாரம் துடைக்க நேரமில்லை. அத்தை எழுந்து, சின்னப் பக்கத்துக்குப் போய் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கோணியைச் சுருட்டி ஏரியில் எறிந்தார். எறிந்ததோடு விடவில்லை, அது முழுகும்வரை நின்று பார்த்தார்.

"போன சட்டை திரும்பி வருமா?" என்று கேட்டார்.

"அதுவே நெய்துக்கும். பயமில்லாம, தொந்தரவில்லாம இருந்தா. மிரண்டுபோன மீனு சரியா சுரக்காது."

"வருமா, வராதா?"

"வரணும் அத்தே. வரும்னு கையடிச்சுக் கொடுக்க என்னால முடியாது."

"அப்ப அத்த சொல்லு மொதல்ல," என்றார்.

*

துடைப்பதை நிறுத்தியது மட்டும் போதாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆய்வகத்தில் எனக்கு வழிகாட்டும் பேராசிரியையைப் போனில் கேட்டேன். கூண்டு நிற்கும் இடத்தைப் பற்றி மட்டும்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஓட்டம் இருக்கிறதா? உப்பு இருக்கிறதா? இல்லையென்றால் கூண்டை அங்கிருந்து நகர்த்து, மீனைத் தொடாதே, பாதி மீனுக்கு இன்னொரு வலைப்பை போட்டு இடம் விடு. அவ்வளவுதான் சொன்னார். எளிதாகச் சொல்லிவிட்டார். உப்புத் தண்ணீர் ஓடும் இடம் எங்கள் ஏரியில் ஒன்றுதான்: முகத்துவாரத்துக்குப் போகும் கால்வாய். அது முழுக்கப் பாட்டுத் தண்ணீர், முறை வைத்து வலை போடும் இடம்.

சாயங்காலம் நைனா வந்து வலையை உதறிக்கொண்டிருந்தபோது சொன்னேன். நைனா பேசுகிற ஆள் இல்லை. வலையில் சிக்கியிருந்த நண்டின் காலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"கால்வாயில கூண்டா?"

"ஆமா நைனா."

"ஊரு ஒத்துக்காது."

"கேட்டுப் பாக்கலாம்."

"நீ கேக்கறியா?"

அத்தை சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தார். "அவன் எதுக்குக் கேக்கணும்? கூண்டு என்னுது. நான் கேக்கறேன்."

நைனா நண்டை விட்டுவிட்டுத் தலையை உயர்த்திப் பார்த்தார். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, பேசினதில்லை, அவ்வளவுதான்.

*

கோயில் வாசலில் கூட்டம். பெரியவர்கள் சிமெண்ட் மேடையில், மற்றவர்கள் மணலில். பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்கள். அத்தை அன்று வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நைனாவுக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் தடுக்கவில்லை. ஒருத்தர் மட்டும் இருமினார்.

நைனா எழுந்து விஷயத்தைச் சொன்னார். அவர் சொன்னது மூன்றே வாக்கியம்.

"பாட்டுத் தண்ணியில கம்பு நடலாம், வலை போடலாம்," என்றார் மேடையிலிருந்த பெரியவர். "கூண்டு கட்டினா? இன்னிக்கு இது கூண்டு. நாளைக்கு ஒருத்தன் மாடி வீடு கட்டுவான்."

சிரிப்பு எழுந்தது.

"கட்டினா பாலு காய்ச்ச என்னையும் கூப்பிடு," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"கூண்டு நின்னா கடைசி வலைக்கு இறால் வராது," என்றார் இன்னொருவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கால்வாயின் ஓரத்தில் கூண்டு நின்றால் ஓட்டம் கொஞ்சம் திரும்பும். கடைசி இடம் எந்த வீட்டுக்கு விழுகிறதோ அந்த வீட்டுக்கு நஷ்டம்.

"இந்தத் தம்பி இன்னா சொல்றாரு? மீனு தானே மருந்து செய்துக்குமாமே," என்று பெரியவர் என் பக்கம் திரும்பினார். கேலி இல்லை அந்தக் குரலில், உண்மையாகவே கேட்டார்.

"செய்துக்கும்ங்க. தோல்லயே. நாம அத்தக் கெடுக்காம இருந்தா போதும்."

"அப்ப கூண்டு மீனெல்லாம் எதுக்குச் சாவுது?"

"அதுவும் ஒரு அளவுக்குத்தாங்க. நல்ல தண்ணியில அது ஜெயிக்கும். கெட்ட தண்ணியில தோக்கும். அதனாலதான் நல்ல தண்ணி கேக்கறோம்."

பெரியவர் தாடையைத் தேய்த்துக்கொண்டார். பேச்சு எங்கும் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தது. நைனா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை பொறுத்துப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் நடுவிலேயே தன் தம்பியான நைனாவின் முழங்கையைத் தட்டினார்.

"டேய். வீட்ல என்கிட்ட இன்னா சொன்னே, அத்தச் சொல்லு."

வீட்டில் நைனா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். நைனா அக்காவைப் பார்த்தார். அவர் கண்ணில் என்ன பார்த்தாரோ, திரும்பி மேடையைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"கூண்டு அங்க நிக்கிற வரைக்கும் என் பாடு ஊருக்கு. நான் வலை போடலை. எவனுக்குக் குறையுதோ அவன் போட்டுக்கட்டும்."

தன் பாட்டை ஒருத்தன் தானாக விட்டுக்கொடுத்து அங்கிருந்த யாரும் கேட்டதில்லை. பெரியவர் அத்தையைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார்.

"பொங்கல் வரைக்கும்," என்றார். "மீனு செத்து ஓட்டத்துல வந்து எங்க வலையில விழுந்துச்சுன்னா மறுநாளே கழட்டணும்."

"கழட்டிடறேன்," என்றார் அத்தை. ஊர்க்கூட்டத்தில் அவர் ஊருக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா முன்னால் வேகமாக நடந்தார். பாடு போனால் அடுப்பு என்ன ஆகும் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். படி ஏறும்போது நைனாவிடம், "சரிதான்," என்றார். அது சம்மதமா, கோபமா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

*

கூண்டை இரண்டு பைபர் படகுகளில் கட்டி இழுத்தோம். மோட்டார் போட்டால் மீன் மிரளும் என்று நான் சொன்னதால், கழி ஊன்றித் தள்ளியே கொண்டுபோனார்கள். காலையில் கடல் பக்கம் இறங்கும் வற்றத் தண்ணீரோடு தொடங்கி, வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் கால்வாய் ஓரம் சேர்ந்தது. கழி ஊன்றினவர்களில் ஒருவர், "கல்யாணப் பொண்ணைக்கூட இவ்ளோ மெதுவா அழைச்சுக்கினு போவல," என்றார். ஆனால் யாரும் மோட்டாரைத் தொடவில்லை. அங்கே இன்னொரு வலைப்பையைக் கட்டினோம். மீனைக் கையால் அள்ளாமல், இரண்டு பையின் வாயையும் தண்ணீருக்குள்ளேயே சேர்த்துக் கட்டி, தீனியைக் காட்டி, தானாகப் பாதி நீந்திப் போகவிட்டோம்.

அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம்.

முதல் சில நாட்கள் சாவு குறையவில்லை, கூடியது. வந்த வழியின் அலுப்பு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு காலையும் விடிந்ததும் நானும் அத்தையும் படகில் போய், மிதக்கும் மீனை வலைக்குள்ளிருந்து எடுத்து, ஒன்றுகூட ஓட்டத்தில் போகாமல் பார்த்துக் கரையில் புதைத்தோம். அத்தை கையை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தார். ஒரு மீன் ஓரமாக வந்து நின்றால் கை தானாகப் போகும். பிறகு முந்தானையை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என் கையைக் கட்டிப்போட்டுட்டியே மருமவனே."

நைனாவுக்குப் பாடு வரும் நாளில் வேறொருத்தர் அவருடைய இடத்தில் கம்பு நட்டார். நைனா கரையில் குந்தி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறால் நன்றாக விழுந்தது. அவர் எழுந்து போய்க் கூடை தூக்கக் கைகொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு நாள் காலை சாவு அதிகம். அத்தை படகிலேயே எழுந்து நின்று, சட்டத்தில் கட்டியிருந்த பையைப் பிரித்து டப்பாவை எடுத்தார். நான் தடுக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. மீனும் அவருடையது, இடமும் அவருடையது.

அவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே தீனிக் கூடையைத் திறந்தார். கலப்பதற்கு முன், ஒரு பிடி வெறும் தீனியை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார். யார் தின்கிறார்கள் என்று பார்க்கத்தான் என்று பிறகு சொன்னார். தண்ணீர் ஒரு நொடி சும்மா கிடந்தது. பிறகு அடியிலிருந்து ஒரு கொடுவா எழுந்து வந்து வாயைத் திறந்து மூடியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு தண்ணீர் கொதிப்பது போல் ஆனது. மூலையில் தலைகீழாக நின்றவைகூட மேலே வந்து அடித்துக்கொண்டன.

அத்தை டப்பாவைப் பார்த்தார். "தின்னுற மீனுக்கு மருந்து வேணாம்னு தானே சொன்னே?"

"ஆமா அத்தே."

"பின்ன இத்த எதுக்கு வாங்கினேன் நானு," என்று சொல்லிவிட்டு, அதைத் திரும்பப் பையில் போட்டுக் கட்டினார்.

*

சாவு அடுத்த நாளே நிற்கவில்லை. குறைந்து குறைந்து நின்றது. புண் இருந்த இடத்தில் கறுப்பாகத் தழும்பு விழுந்து, அதன் மேல் செதில் புதிதாக, சின்னதாக, வரிசை தப்பி முளைத்தது. விடுமுறை முடிந்து நான் கிளம்பும் முன், ஒரே ஒரு மீனை, கையை நன்றாக நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே மெல்லத் தொட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. அத்தை, "தொடாதேன்னியே," என்றார்.

இதை ஆராய்ச்சியில் எழுத முடியுமா என்று வழிகாட்டியைக் கேட்டேன். முடியாது என்றார். தண்ணீர் மாறியது, இடம் மாறியது, நெரிசல் குறைந்தது, துடைப்பது நின்றது. எதனால் மீன் பிழைத்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அவர் சொன்னது சரி. பெப்டைடுதான் காப்பாற்றியது என்று நானும் சொல்ல மாட்டேன். அது வேலை செய்வதற்கு நாங்கள் குறுக்கே நிற்காமல் இருந்தோம் என்று மட்டும் சொல்வேன். அத்தை இன்னும் சுருக்கமாக, "அத்துக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியல," என்று சந்தையில் சொல்லியிருக்கிறார்.

பொங்கலுக்கு முன்னால் அறுவடை. நான் வந்திருந்தேன். வாங்க வந்தவரின் ஆள் முதல் கொடுவாவைத் தூக்கி, பசையைப் பார்த்து முகத்தைச் சுளித்து, துணி எடுத்தான். அத்தை அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டார். செத்த மீனைத் துடைப்பதில் தப்பொன்றும் இல்லை என்று நான் சொன்னேன். அத்தைக்குக் காதில் விழவில்லை.

இடம் நிலைத்தது. இந்த வருஷமும் கூண்டு கால்வாய் ஓரத்தில்தான் நிற்கிறது. ஊர் அதற்கென்று ஓரத்தில் ஒரு துண்டு ஒதுக்கிவிட்டது. நைனாவுக்கு அவருடைய பாடு திரும்பிவிட்டது. ஊர்க்கூட்டத்தில் அத்தை வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறார்.

அந்த அறுவடை வருஷப் பொங்கல் அன்று சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, மொத்தத்தில் இதற்கு என்னதான் செலவாச்சு என்று அம்மா கேட்டார். நைனாவும் அத்தையும் மாறி மாறிச் சொல்ல, நான் கூட்டினேன்: நைனாவின் பாடு நாலு, புதைத்த மீன் நூற்றுப் பதினேழு, பிரிக்காத மருந்து டப்பா ஒன்று, கோணி ஒன்று.